நெடுநாள் கிடப்பிலிருந்த ஒலிக்கருவிகளில் பழுதறிதல்

நெடுநாள் கிடப்பிலிருந்த ஒலிக்கருவிகளில் பழுதறிதல் என்பது, பல ஆண்டுகள் இயக்கப்படாமல் வைக்கப்பட்டிருந்த மிகைப்பி, இசைத்தட்டுச் சுழலி, ஒலிநாடாக் கருவி, ஒலிபெருக்கி முதலியவற்றில் உள்ள குறைகளை முறையாகக் கண்டறிந்து நீக்கும் செயற்பாடு ஆகும். பேச்சு வழக்கில் இக்கருவிகள் முறையே ஆம்ப்ளிபயர், ரிக்கார்டு பிளேயர், டேப் ரிக்கார்டர், ஸ்பீக்கர் என அழைக்கப்படுகின்றன.

பயன்பாட்டினால் தேய்ந்த கருவிக்கும், பயன்படுத்தப்படாமையால் கெட்ட கருவிக்கும் வேறுபாடு உண்டு. கிடப்பிலிருந்த கருவியின் விலைமிக்க பாகங்களான மின்மாற்றி, வெளியீட்டுத் திரிதடையம், ஒலிபெருக்கிச் சுருள் ஆகியவை பெரும்பாலும் பரணில் இருந்த காலத்தில் கெடுவதில்லை. ஆய்வு ஏதுமின்றி மீண்டும் மின்னிணைப்புத் தரப்படும் முதல் சில நிமிடங்களிலேயே அவை கெடுகின்றன. எனவே இத்துறையில் எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதைவிட, எந்த வரிசையில் சோதிப்பது என்பதே முதன்மையானது.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் சமவெளியின் தட்பவெப்பத்தையும் அங்கு புழங்கிய கருவிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறைகளை விளக்குகிறது.

பின்னணி

சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை ஆகியவற்றின் அடிவாரத்திலிருந்து காவிரி ஆறு வரை பரந்துள்ள சேலம், நாமக்கல் சமவெளி தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளுள் ஒன்றாகும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1939இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களைத் தயாரித்தது. மின்சாரம், வானொலி, திரையிசை ஆகிய மூன்றும் பரவியதை அடுத்து ஒலிக்கருவிகளும் இப்பகுதியில் பெருகின.

இக்கருவிகளை மூன்று பிரிவாகக் கொள்ளலாம்.

- வீட்டுக் கருவிகள்: வெற்றிடக் குழல் வானொலிகள், எச்.எம்.வி இசைத்தட்டுக் கருவிகள், பிலிப்ஸ், மர்பி, புஷ் போன்ற பெயர்களில் விற்கப்பட்டவை. 1970களிலும் 1980களிலும் காஸ்மிக், 1970இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட சோனோடைன் முதலிய இந்திய நிறுவனங்களின் இருதட ஒலிக்கருவிகள் இவற்றுடன் சேர்ந்தன.
- பொது நிகழ்ச்சிக் கருவிகள்: கோயில் திருவிழா, திருமணம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கு வாடகைக்கு விடப்படும் மைக் செட் கருவிகள். அகுஜா போன்ற நிறுவனங்களின் மிகைப்பிகளும் குழாய் எனப்படும் கூம்பு ஒலிபெருக்கிகளும் இதில் அடங்கும்.
- வெளிநாட்டிலிருந்து வந்தவை: 1991இல் பொருளாதாரத் தாராளமயமாக்கல் தொடங்கும்வரை மின்னணுக் கருவிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பணிபுரிந்தோர் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக், சோனி, அக்காய், சான்சுயி போன்ற கருவிகள் இப்பிரிவின.

ஒலிப்பேழையும், பின்னர் குறுந்தட்டும், எண்ணிமக் கோப்புகளும் பரவியபோது இக்கருவிகளுட் பல பரணுக்கும் தகரக் கொட்டகைக்கும் சென்றன.

கிடப்பில் கெடுவதற்கான காரணங்கள்

மின்பகு மின்தேக்கிகள்

கிடப்பினால் மிகுதியாகப் பாதிக்கப்படும் மின்னணு உறுப்பு, கண்டென்சர் என வழங்கும் மின்தேக்கிகளுள் மின்பகு வகையைச் சேர்ந்ததாகும். இதன் நேர்த்தகட்டின்மேல் உள்ள மிக மெல்லிய அலுமினிய ஆக்சைடுப் படலமே மின்கடத்தாப் பொருளாகச் செயல்படுகிறது. மின்னழுத்தம் தொடர்ந்து கிடைக்கும்போது இப்படலம் தன்னைத்தானே சீர்செய்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தம் இல்லாவிடில் படலம் நலிவுறுகிறது. அந்நிலையில் முழு மின்னழுத்தம் தரப்பட்டால் மின்தேக்கியினூடாக மிகுதியான கசிவு மின்னோட்டம் பாய்ந்து, உள்ளே வெப்பமும் வளிமமும் உண்டாகி, மின்தேக்கி வெடிக்கக்கூடும். அதனுடன் அலைதிருத்தியும் மின்மாற்றியும் எரியக்கூடும்.

இரண்டாவது குறை, உள்ளிருக்கும் மின்பகு நீர்மம் உலர்ந்துபோதலாகும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பொதுவான கணிப்பு. கோடையில் வெயில் நேரடியாகத் தாக்கும் தகரக் கூரையின்கீழ் வைக்கப்பட்ட கருவி, அதே வயதுடைய, கீழறையில் வைக்கப்பட்ட கருவியைவிட விரைவில் கெடுவதற்கு இது ஒரு காரணமாகும்.

தொடுமுனைகள்

ஒலி அளவுத் திருகு, தெரிவு நிலைமாற்றி, ரிலே, வெற்றிடக் குழல் பொருந்தும் குழிகள் ஆகியவற்றின் உலோகப் பரப்புகளில் ஆக்சைடும் சல்பைடும் படிகின்றன. செம்பு, பித்தளைப் பாகங்களில் களிம்பு ஏறுகிறது. அம்மோனியா வளிமம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும் தன்மையது. ஆகவே கோழிப்பண்ணையை ஒட்டிய அறைகளில் வைக்கப்பட்ட கருவிகளில் களிம்பை முதலில் தேடுதல் தகும்.

தூசும் பஞ்சும்

திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் காற்றில் பறக்கும் பஞ்சுத் துகள் காற்றுத் துளைகளின் வழியே உட்புகுந்து வெப்பம் கடத்தும் தகடுகளை மூடிவிடுகிறது. உலர்ந்த நிலையில் தீங்கற்றதாகத் தோன்றும் இப்படிவு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் உறிஞ்சி, உயர் மின்னழுத்தப் புள்ளிகளுக்கிடையே மின்கசிவுப் பாதையாகிறது.

உயிரினங்கள்

எலிகள் கம்பியின் காப்புறையைக் கடிக்கின்றன. கரையான் மரப்பெட்டியையும் அட்டையையும் அரிக்கிறது. கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைத் தின்கின்றன. குளவிகள் காற்றுத் துளைகளிலும் கூம்பு ஒலிபெருக்கியின் குழல்வாயிலும் மண்கூடு கட்டுகின்றன. இறந்த பல்லியின் உடல் இரு மின்முனைகளை இணைத்துவிடுவதும் உண்டு. இவை எவையும் மின்சுற்று வரைபடத்தில் இடம்பெறாத பழுதுகளாகையால், உறையைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மீள்மம், நெய்மசகு, மென்நுரை

பெல்ட் எனப்படும் வார் நீண்டு தளர்கிறது. சிலவகை வார்கள் கருநிறப் பிசினாக உருகிவிடுகின்றன. சுழலிகளில் உள்ள ரப்பர் உருளை இறுகி வழுவழுப்பாகிறது. அச்சுகளிலுள்ள நெய்மசகு மெழுகுபோல் கெட்டிப்படுகிறது. ஒலிபெருக்கிக் கூம்பின் விளிம்பிலுள்ள பாலியூரித்தேன் மென்நுரை, காற்றின் ஈரத்தால் வேதிச் சிதைவுற்று, தொட்டவுடன் உதிரும் நிலையை அடைகிறது.

பாதுகாப்பு

வெற்றிடக் குழல் மிகைப்பிகளில் நேர்மின் வழங்கியின் அழுத்தம் பொதுவாக 250 முதல் 450 வோல்ட் வரை இருக்கும். இவ்வழுத்தம் உயிரைப் பறிக்கவல்லது. மின்செருகியைக் கழற்றிய பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். அதனைத் திருப்புளியால் குறுக்கிட்டு வெளியேற்றுதல் தவறான பழக்கமாகும். தீப்பொறியால் மின்தேக்கியும் அருகிலுள்ள உறுப்புகளும் கெடும். சில கிலோ ஓம் மதிப்பும் 5 முதல் 10 வாட் திறனும் கொண்ட மின்தடையத்தைக் காப்பிட்ட கம்பிகளால் இணைத்து வெளியேற்றி, பின்னர் பன்மானியால் அளந்து உறுதிசெய்ய வேண்டும்.

சில பழைய வெற்றிடக் குழல் வானொலிகளில் மின்மாற்றி கிடையாது. அவற்றின் உலோகச் சட்டம் வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியுடன் நேரடியாக இணைந்திருக்கும். செருகி திருப்பிச் செருகப்பட்டால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் அழுத்தத்தில் நிற்கும். இத்தகைய கருவிகளைத் தனிப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் திறந்த நிலையில் இயக்கலாகாது.

ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று சோதிப்பதும், தனியாக இருக்கையில் உயர் அழுத்தக் கருவியைத் திறந்து சோதிப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

மின்னிணைப்புக்கு முந்தைய சோதனைகள்

1. செருகியும் வடமும்: பழைய வடங்களின் ரப்பர் உறை வளைத்தவுடன் வெடித்து உதிரும். அத்தகைய வடத்தை முதலில் மாற்ற வேண்டும்.
2. அழுத்தத் தெரிவு: பின்புறத்தில் 110, 220, 240 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட தெரிவியின் நிலையைப் பார்க்க வேண்டும்.
3. மின்னுருகி: பியூஸ் இருக்குமிடத்தில் வெறும் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தால், கருவி முன்னரே பழுதாகி முறையற்று இயக்கப்பட்டது எனக் கொள்ளலாம்.
4. மின்கலங்கள்: எடுத்துச்செல்லத்தக்க கருவிகளில் மறந்து விடப்பட்ட மின்கலங்கள் கசிந்திருக்கும். காரமின்கலக் கசிவை எலுமிச்சைச் சாறு அல்லது புளிக்காடி கொண்டும், பழைய துத்தநாக-கரி மின்கலக் கசிவைச் சமையல் சோடாக் கரைசல் கொண்டும் நடுநிலையாக்கி, தூய நீரால் துடைத்து, நன்கு உலர்த்த வேண்டும்.
5. தூசு நீக்கல்: மென்தூரிகையாலும் உறிஞ்சியாலும் தூசை அகற்ற வேண்டும். காற்றழுத்தக் குழாயை நேரடியாகப் பயன்படுத்தினால் தூசு நிலைமாற்றிகளுக்குள்ளும் ஒலிபெருக்கியின் காந்த இடைவெளிக்குள்ளும் புகும்.
6. கண்ணால் காணும் குறைகள்: உப்பிய மின்தேக்கி, கருகிய மின்தடையம், வழிந்த மெழுகு, துருப்பிடித்த இணைப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதையும் கழற்றுமுன் ஒளிப்படம் எடுத்தல் பின்னர் மீண்டும் பொருத்தப் பெரிதும் உதவும்.
7. மின்தடை அளவீடு: செருகியின் இரு முனைகளுக்கிடையே நிலைமாற்றி இயங்குநிலையில் இருக்கும்போது அளக்கும் தடை பொதுவாகச் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் மின்னுருகியோ மின்மாற்றியின் முதற்சுருளோ அறுந்திருக்கலாம். செருகி முனைகளுக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே மின்மாற்றியுள்ள கருவிகளில் தடை மிக உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

முதல் மின்னூட்டல்

தொடர் விளக்கு முறை

ரேடியோ மெக்கானிக்குகளிடையே சீரீஸ் பல்பு என அழைக்கப்படும் இம்முறையில் 40 முதல் 100 வாட் வரையுள்ள இழை மின்விளக்கு ஒன்று கருவியுடன் தொடராக இணைக்கப்படுகிறது. விளக்கின் இழை குளிர்ந்த நிலையில் குறைந்த தடையும், சூடான நிலையில் உயர்ந்த தடையும் கொண்டது. ஆகவே கருவியில் குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரிந்து, மின்னழுத்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு, கருவியைக் காக்கிறது.

- விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால், மின்தேக்கிகள் மின்னூட்டம் பெற்றுவிட்டன, நிலை நன்று.
- விளக்கு முழு ஒளியுடன் தொடர்ந்து எரிந்தால் குறுக்குச்சுற்று உண்டு. உடனே நிறுத்த வேண்டும்.
- விளக்கு சற்றும் ஒளிராவிட்டால் மின்பாதை அறுந்திருக்கலாம்.

வெற்றிடக் குழல் கருவிகளில் சூடேற்றும் இழைகளுக்கு மின்னோட்டம் தேவைப்படுவதால் விளக்கு ஓரளவு எரிந்துகொண்டே இருக்கும். குறுங்குழல் விளக்கும் எல்.இ.டி விளக்கும் இம்முறைக்குப் பயன்படா.

மின்தேக்கிகளை மீளுருவாக்கல்

நலிவுற்ற ஆக்சைடுப் படலத்தை மெதுவாக மீட்கும் முறை மீளுருவாக்கல் எனப்படும். மின்தேக்கியின் ஒரு முனையைச் சுற்றிலிருந்து பிரித்து, பத்து கிலோ ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட மின்தடையம் ஒன்றின் வழியாக, மாற்றத்தக்க நேர்மின் வழங்கியிலிருந்து சிறிது சிறிதாக அழுத்தம் உயர்த்தப்படுகிறது. இதற்குச் சில மணிநேரம் ஆகலாம். மின்தடையத்தின் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்தம் குறைந்துகொண்டே வந்தால் கசிவு குறைகிறது என்று பொருள். குறையாமல் நின்றாலோ மின்தேக்கி சூடேறினாலோ அதனைக் கைவிட வேண்டும். உலர்ந்துபோன மின்தேக்கியை இம்முறை மீட்காது.

மாறுமின்மாற்றியால் கருவி முழுவதற்கும் அழுத்தத்தை மெல்ல உயர்த்தும் பழக்கமும் உண்டு. எனினும் வெற்றிடக் குழல் அலைதிருத்தி உள்ள கருவிகளில் இது பயனளிப்பதில்லை. அக்குழலின் இழை போதிய வெப்பம் பெறும்வரை நேர்மின் அழுத்தமே தோன்றாது. பின்னர் திடீரெனத் தோன்றும்.

புதிய மின்தேக்கி பொருத்துகையில் முனைத்திசை மாறலாகாது. அழுத்த அளவு பழையதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்த ஊர்களுக்கு 85 பாகை வகையைவிட 105 பாகை செல்சியசு வகை ஏற்றது.

பழுதின் இடத்தைக் கண்டறிதல்

கருவி பாதுகாப்பாக மின்னூட்டம் பெற்ற பின்னரே பழுதறிதல் தொடங்குகிறது. முதலில் மின்வழங்கியின் அழுத்தங்கள் அளக்கப்படுகின்றன. அவை சரியாக இருந்தால் ஒலிச் சைகையின் பாதை பின்தொடரப்படுகிறது. பாதையின் நடுவில் ஒரு சைகையைச் செலுத்தி, ஒலி கேட்டால் பழுது முன்பகுதியிலும், கேளாவிட்டால் பின்பகுதியிலும் உள்ளது எனக் கொண்டு, மீண்டும் பாதியாகப் பிரித்துத் தேடுவது விரைவான முறையாகும். சைகைக்குக் கைபேசியின் காதொலி வெளியீடு போதுமானது. உயர் அழுத்தப் புள்ளிகளில் அதனை இணைக்கலாகாது.

இருதட ஒலிக்கருவியில் ஒரு தடம் மட்டும் பழுதானால், நன்றாக உள்ள தடமே பழுதான தடத்துக்கு வழிகாட்டியாகிறது. இரு தடங்களிலும் ஒரே புள்ளியில் அழுத்தத்தை அளந்து, முதல் வேறுபாடு தோன்றும் இடத்தைக் கண்டால், மின்சுற்று வரைபடம் கிடைக்காத கருவியிலும் பழுதை நெருங்கிவிடலாம்.

பொதுவான அறிகுறிகளும் காரணங்களும்

- 100 ஹெர்ட்ஸ் அளவிலான தடித்த இரைச்சல்: மின்வழங்கியின் வடிகட்டும் மின்தேக்கி உலர்ந்துவிட்டது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் முழுவலைத் திருத்தம் பெறும்போது 100 ஹெர்ட்ஸ் அலைவு எஞ்சுகிறது.
- 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்: புவியிணைப்பு அறுந்தது, உள்ளீட்டுக் கம்பியின் காப்புவலை விடுபட்டது, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட புவியிணைப்புகள் வளையமாக அமைந்தது.
- ஒலி அளவுத் திருகைச் சுழற்றும்போது கரகரப்பு: கரித்தடத்தில் அழுக்கு. தொடுமுனைத் தூய்மி சிறிதளவு செலுத்திப் பலமுறை சுழற்ற வேண்டும்.
- ஒலி விட்டுவிட்டு வருதல், தட்டினால் சரியாதல்: நிலைமாற்றி, ரிலே தொடுமுனை அல்லது விரிசலுற்ற பற்றாசு இணைப்பு.
- ஒலி தேய்ந்து சிதைதல்: இணைப்பு மின்தேக்கியின் குறை, அல்லது ஒலிபெருக்கிச் சுருள் உரசுதல்.
- இயக்கியவுடன் மின்னுருகி எரிதல்: அலைதிருத்தி அல்லது வெளியீட்டுத் திரிதடையத்தில் குறுக்குச்சுற்று.

கருவிவாரியான குறிப்புகள்

வெற்றிடக் குழல் மிகைப்பிகள்

வால்வு என வழங்கும் வெற்றிடக் குழல்கள் கிடப்பினால் பெரும்பாலும் கெடுவதில்லை. பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த குழல்களுள் பயன்படுத்தப்படாதவை இன்றும் இயங்கும் நிலையில் கிடைப்பதுண்டு. குழலின் உட்புற வெள்ளிநிறப் பூச்சு பால்வெண்மையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அக்குழல் பயனற்றது.

இக்கருவிகளில் மிகவும் ஏமாற்றும் பழுது, பழைய காகித மின்தேக்கிகளின் கசிவாகும். கசியும் மின்தேக்கி அடுத்த குழலின் கிராதிக்கு நேர் அழுத்தத்தைக் கடத்துகிறது. வெளியீட்டுக் குழல் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை ஏற்று, நேர்முனைத் தகடு சிவந்து ஒளிர்கிறது. கருவி அப்போதும் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் சிறிது நேரத்தில் குழலும் வெளியீட்டு மின்மாற்றியும் எரியும். வெளியீட்டுக் குழலைக் கழற்றிவிட்டுக் கிராதி முனையில் அளந்தால் நேர் அழுத்தம் இருத்தல் கூடாது.

ஒலிபெருக்கியோ அதற்கீடான மின்தடையமோ இணைக்காமல் வெற்றிடக் குழல் மிகைப்பியை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி கெடும்.

திரிதடைய மிகைப்பிகள்

டிரான்சிஸ்டர் என வழங்கும் திரிதடையத்தைக் கொண்ட மிகைப்பிகளில் முதல் சோதனை, ஒலிபெருக்கி முனைகளில் நேர்மின் அழுத்தம் உள்ளதா என்பதாகும். சில பத்து மில்லிவோல்ட் அளவு இயல்பானது. வோல்ட் கணக்கில் இருந்தால் ஒலிபெருக்கியை இணைக்கலாகாது. இணைத்தால் அதன் சுருள் எரியும். சார்பு மின்னோட்டத்தைச் சரிசெய்யும் சிறு திருகில் அழுக்குப் படிந்திருந்தால், அதனைத் தொட்டவுடன் மின்னோட்டம் எகிறி வெளியீட்டுத் திரிதடையங்கள் அழியக்கூடும். எனவே அது முதலில் தூய்மை செய்யப்படுகிறது.

இசைத்தட்டுச் சுழலிகள்

கெட்டிப்பட்ட நெய்மசகை நீக்கிப் புதிய எண்ணெய் இட்டாலே பல சுழலிகள் இயங்கத் தொடங்குகின்றன. வேகத்தைச் சரிபார்க்கக் கோடுகள் அச்சிட்ட வட்டத்தாள் பயன்படுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கின்கீழ் 33⅓ சுற்று வேகத்துக்கு 180 கோடுகளும், 78 சுற்று வேகத்துக்கு 77 கோடுகளும் கொண்ட வட்டம் நின்றது போலத் தோன்றினால் வேகம் சரியானது.

மலிவான பழைய கருவிகளில் உள்ள படிகக் கார்ட்ரிஜ், ரோசல் உப்பினால் ஆனது. இவ்வுப்பு மிகுந்த ஈரத்தில் கரைந்தும், மிகுந்த வறட்சியில் நீரிழந்தும், சுமார் 55 பாகை செல்சியசு வெப்பத்தில் நிலையாகவும் சிதைகிறது. தகரக் கூரையின்கீழ்ப் பல கோடைகளைக் கழித்த கருவி சுழன்றும் ஒலிக்காவிட்டால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. இதற்குப் பதிலாகப் பீங்கான் வகை பொருத்தப்படுகிறது.

78 சுற்றுத் தட்டுக்கும் நெடுநேரத் தட்டுக்கும் ஊசி முனையின் பருமன் வேறுபடும். ஒன்றின் ஊசியால் மற்றொன்றை இசைத்தால் ஒலி கெடுவதோடு தட்டின் தடமும் தேயும். அரக்கினாலான 78 சுற்றுத் தட்டுகளைச் சாராயக் கலவையால் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரையும்.

ஒலிநாடாக் கருவிகள்

வாரும் அழுத்தும் ரப்பர் உருளையும் கெட்டிருந்தால் கருவி நாடாவை உள்ளிழுத்துச் சிக்கலாக்கும். ஆகவே முதல் சோதனை எப்பொழுதும் பயனற்ற நாடா ஒன்றினால் செய்யப்படுகிறது. ஒலிமுனையையும் உருளை அச்சையும் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சால் தூய்மை செய்து, ஒலிமுனையின் எஞ்சிய காந்தத்தன்மை நீக்கப்படுகிறது.

ஒலிபெருக்கிகள்

1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் இணைத்தால் கூம்பு அசைந்து மெல்லிய ஓசை எழ வேண்டும். 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி பன்மானியில் ஏறத்தாழ 6 முதல் 7 ஓம் வரை காட்டும். இரு கைவிரல்களாலும் கூம்பை மெல்ல அழுத்தும்போது உரசல் ஒலி கேட்டால் சுருள் நடுவிலிருந்து விலகியுள்ளது, அல்லது காந்த இடைவெளியில் துருவோ தூசோ உள்ளது. உதிர்ந்த மென்நுரை விளிம்பைத் தனியே மாற்றலாம். கூம்பை எறிய வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கருவிகள்

சப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான கருவிகள் 100 வோல்ட் அழுத்தத்திலும், அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட் அழுத்தத்திலும் இயங்குவன. இவற்றை அழுத்தம் குறைக்கும் மின்மாற்றியின்றி 230 வோல்ட்டில் இணைத்தால் உடனே எரியும். சவூதி அரேபியாவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைக்கப்பட்ட மின்மாற்றி, அதே அழுத்தத்தில் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். மின்சார அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் மின்னோடியுள்ள இசைத்தட்டுச் சுழலி 33⅓ சுற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ 27.8 சுற்று வேகத்தில் ஓடி, பாடலைத் தாழ்ந்த சுருதியில் இழுத்துப் பாடும். இது பழுதன்று; மின்னோடியின் கப்பியை மாற்றினால் நீங்கும்.

பழுது நீக்கலும் ஒலிப்பதிவுகளின் பாதுகாப்பும்

கருவியின் பெறுமதி அதன் விலையில் மட்டும் இல்லை. அது படிக்கக்கூடிய ஒலிநாடாவும் இசைத்தட்டும் பிறிதொரு படியில்லாத பதிவுகளாக இருக்கலாம். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்குப் பகுதியில் பாணர்கள் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அவர் 1982இல் வெளியிட்ட தி திரீ ட்வின்ஸ் என்னும் நூல் இக்கதையை ஆராய்கிறது. வாய்மொழியாக வழங்கும் கதைப்பாடல், தெருக்கூத்து, ஒப்பாரி ஆகியவற்றின் குறிப்பிட்ட ஒரு நிகழ்த்துதல் நாடாவில் மட்டுமே தங்கியிருக்கும். இத்தகைய நாடாக்கள் வீடுகளிலும் உண்டு.

ஆகவே சரிபார்க்கப்படாத கருவியில் அரிய நாடாவை இடுதல் கூடாது. பூஞ்சை படிந்த நாடாவை ஓட்டுமுன் தூய்மை செய்ய வேண்டும். 1970களிலும் 1980களிலும் தயாரிக்கப்பட்ட பின்பூச்சுடைய சிலவகைச் சுருள் நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகின்றன. இவற்றை அப்படியே ஓட்டினால் ஒலி பதிந்த காந்தப் பூச்சே உரிந்து வந்துவிடும். கட்டுப்படுத்தப்பட்ட சுமார் 54 பாகை செல்சியசு வெப்பத்தில் பல மணிநேரம் வைத்து உலர்த்திய பின், குறுகிய காலத்துக்குள் அவை எண்ணிமப்படுத்தப்படுகின்றன. அசிட்டேட்டினாலான பழைய நாடாக்களுக்கு இம்முறை பொருந்தாது. அவை வெப்பத்தால் கெடும். வீட்டு அடுப்பில் இதனைச் செய்ய முயல்வது நாடாவை அழித்துவிடக்கூடும்.

இந்தியாவில் இத்தகைய பதிவுகளைப் பேணும் நிறுவனங்களுள், 1982இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் தொடங்கிய இன இசையியல் ஆவணக் காப்பகமும், சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் குறிப்பிடத்தக்கன.

மீண்டும் கிடப்பில் வைக்கும் முறை

பழுது நீக்கப்பட்ட கருவியை மீண்டும் நெடுநாள் வைக்க நேர்ந்தால் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன.

- பரணையும் தகரக் கொட்டகையையும் தவிர்த்துக் கீழறையில், தரையிலிருந்து உயர்த்தி வைத்தல்.
- நெகிழி உறையால் முற்றாக மூடாமல், காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடுதல்.
- மின்கலங்களை அகற்றுதல். காற்றுத் துளைகளுக்கு நுண்வலை இடுதல்.
- சுழலியின் ரப்பர் உருளையை அழுத்தமில்லா நிலையில் விடுதல்.
- மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுமார் ஒரு மணிநேரம் இயக்குதல். இதனால் மின்தேக்கிகளின் படலம் காக்கப்படுவதோடு தொடுமுனைகளும் தூய்மையாக இருக்கும்.

இவற்றையும் பார்க்க

- மின்தேக்கி
- வெற்றிடக் குழல்
- இசைத்தட்டு
- ஒலிநாடா
- மாடர்ன் தியேட்டர்ஸ்
- அண்ணன்மார் கதை